தேனுக்கும் பனிவரகுக்கும் நடுவே

அத்தியாயம் 17

சாயங்காலம் நாலு மணிக்கு வெப்சைட்டைப் பார்க்க ஆள் வருகிறது. காலை ஒன்பதரைக்கு அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் காத்தான் நிற்கிறார்.

வரகுப் பக்கத்தில் காத்தான். அது சரி, வரகு அவர் விளைவித்தது. ஆனால் தினைப் பக்கத்திலும் காத்தான். தேன் பக்கத்திலும் அதே மீசை, அதே துண்டு. புளி, கொள்ளு, மரவள்ளி என்று பதினொரு சரக்குக்கும் பச்சைமலையில் இவர் ஒருவர்தான் விவசாயி என்பதுபோல, முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார்.

சென்ற வாரம் மலர்க்கொடி, “முடிஞ்சது மாமா, இனிமே நம்ம கடை உலகம் பூரா தெரியும்” என்று சொல்லி லேப்டாப்பை மூடியபோது நாமும் நம்பித்தான் கிளம்பினோம். உலகம் பூரா தெரிந்தது என்னவோ உண்மை. காத்தான் தெரிந்தார்.

மலர்க்கொடி திருவெறும்பூர்ப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, காந்தி மார்க்கெட்டில் தானிய மண்டி வைத்திருக்கும் வீரமலையின் மகன் ரஞ்சித்துக்கு வாழ்க்கைப்பட்டவள். மலைச் சரக்கை வாங்கி விற்கும் அந்தக் கடைக்குத் தானே வெப்சைட் கட்டுகிறேன் என்று பிடிவாதமாக நின்றாள். வீரமலைக்குத் தில்லைநகரில் இருக்கும் ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட ஆசை. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சென்னையில் மூன்று பெண்கள் விடுதிகளுக்குச் சாமான் வாங்கும் பிரேமலதா இன்று பார்க்க வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் வெப்சைட் மலர்க்கொடியின் பொறுப்பு, கடையில் அவளுக்கென்று ஒரு மேஜை. பிடிக்காவிட்டால் எல்லாம் தில்லைநகருக்குப் போய்விடும்.

மூன்று வருஷமாக அந்தக் கடைக்கு டீ ஃபிளாஸ்க் கொண்டுபோகிறாள் மலர்க்கொடி. ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை. அந்த மேஜை அவளுக்கு வேண்டும், ரொம்பவே வேண்டும்.

போன் அடித்தது. மாமனார்.

“என்னம்மா மலரு இது? தினையைத் திறந்தா காத்தான், தேனைத் திறந்தா காத்தான். அவன் எப்ப தேன் எடுத்தான்?”

“பாத்துட்டேன் மாமா. நாலு மணிக்குள்ள சரியாயிடும்.”

“ஆகாதுன்னா இப்பவே சொல்லிடு. அந்தம்மாவை அடுத்த வாரம் பாக்கச் சொல்லிக்கலாம். அதுக்குள்ள தில்லைநகர்காரங்களை ஒரு தடவை...”

“நாலு மணிக்குச் சரியா இருக்கும் மாமா.”

குரலில் நடுக்கம் இல்லை. போனை வைத்த பிறகுதான் எப்படிச் சரியாகும் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அவள் சுபாவம் அது. நமக்கென்ன, பழகிவிட்டது.

படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாள். முந்நூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாவற்றுக்கும் போன் தானாக வைத்த நீள நீள எண்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மனிதர் வைத்த பெயர் இருந்தது. ‘லாபம்’. திறந்தாள். முறமும் மீசையுமாகக் காத்தான்.

வேறு ‘லாபம்’ ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு சரக்குக்கும் படம் எடுத்தவள் ரஞ்சித்தின் அக்கா விஜயராணி. “எது முதல் படம்னு எனக்குத் தெரியற மாதிரி அதுக்கு மட்டும் ஒரு பேரு வெச்சுடுங்க அண்ணி” என்று மலர்க்கொடி கேட்டிருந்தாள். விஜயராணி மண்டியில் வளர்ந்தவள். அங்கே படி அளக்கிறவர்கள் ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார்கள். முதல் படி ‘லாபம்’, அடுத்தது ‘ரெண்டு’, அப்புறம் ‘மூணு’. ஆகவே பதினொரு சரக்கின் முதல் படத்துக்கும் அவள் ஒரே பெயரை வைத்தாள்.

பத்து நாளுக்கு முன் மலர்க்கொடி அந்தப் பென் டிரைவில் படங்களை மட்டும் தேடிப் பொறுக்கி, அத்தனையையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. ‘இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மாற்றிவிடட்டுமா?’ என்று லேப்டாப் கேட்டது. ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று தட்டிவிட்டு அடுப்பை அணைக்க ஓடினாள். அகர வரிசையில் கடைசியாக வந்தது வரகு. வரகின் லாபம் மற்ற பத்து லாபத்தையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

மறுபடி போன். இந்தத் தடவை விஜயராணி.

“மலரு, மாரியாயி இப்பத்தான் போன் பண்ணுச்சு. அது பேத்தி செல்லுல காட்டினாளாம். ‘என் தினைக்கு எதுக்கு அந்தக் காத்தான் மூஞ்சி? நான் என்ன செத்தா போயிட்டேன்?’னு கேக்குது. என்ன பண்ணி வெச்சிருக்கே?”

“அண்ணி, முதல் படங்களோட ஒரிஜினல் உங்க போன்ல இருக்கா?”

“இடம் இல்லைன்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன். உன்கிட்டதான் கொடுத்துட்டேனே.” ஒரு விநாடி கழித்து அவள் குரல் தாழ்ந்தது. “அழிச்சுட்டியா?”

“பென் டிரைவ் உங்ககிட்டதானே இருக்கு? நான் நேர்லயே வரேன் அண்ணி.”

அதற்குள் லைன் துண்டிக்கப்பட்டிருந்தது.

ரஞ்சித் லோடு ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் போயிருந்தான். மலர்க்கொடி லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவே அரை மணி ஆயிற்று. காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனபோது, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். எதுவும் நன்றாக இல்லை.

விஜயராணி அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறாள். கணவர் போய் ஆறு வருஷம். அதற்குப் பிறகு அவள் பிறந்த வீட்டுக்கு வந்து தங்கவில்லை. கடைக்கு மட்டும் வந்து போனாள். இந்த வெப்சைட் வேலை வந்த பிறகுதான் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

கதவைத் திறந்தவள் வா என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“நீ அழிச்சியா, இல்ல கம்ப்யூட்டர் அழிச்சுதா?”

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. “நான்தான் அண்ணி. கம்ப்யூட்டர் கேட்டுச்சு. நான் படிக்காம சரின்னு தட்டிட்டேன்.”

விஜயராணி அவளை உற்றுப் பார்த்தாள். சண்டை போடத் தயாராக இருந்தவளுக்கு எதிராளி முதல் வார்த்தையிலேயே தோற்றுவிட்டது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

“ரெண்டு மாசம் மலரு. ஒன்பது தடவை மலை ஏறியிருக்கேன். சரக்கைப் படம் எடுக்கறதுக்கு முன்னாடி விளைவிச்சவங்களை எடுக்கணும்னு நானா முடிவு பண்ணி எடுத்தேன். மாரியாயி படத்துக்காகப் பொண்ணு கல்யாணத்துப் புடவையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு.”

“தெரியும் அண்ணி.”

“தெரிஞ்சா இப்படிப் பண்ணுவியா?” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனவள், சாமி ஷெல்ஃபில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்திலிருந்து பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்தாள். “இந்தா. போன வாரம் நீ திருப்பிக் கொடுத்தது. உன் படமெல்லாம் அப்படியே இருக்கு.”

மலர்க்கொடி அதைச் செருகினாள். இந்தத் தடவை படங்களைப் பொறுக்கவில்லை; ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்து பார்த்தாள். குதிரைவாலி. உள்ளே விஜயராணி எழுதிய குறிப்பு, அதன் பக்கத்திலேயே குதிரைவாலிப் படங்கள், அவற்றின் தலையில் ஒரு லாபம். அடுத்தது கேழ்வரகு. அதிலும் அதே அடுக்கு.

“எல்லாத்துக்கும் ஒரே பேரு வெச்சிருக்கீங்களே அண்ணி” என்றாள், குறையாக இல்லாமல், ஆச்சரியமாக.

“வேற என்ன பேரு வைக்கிறதாம்? மூட்டைக்கு மூட்டை முதல் படி லாபம்தானே? தினைக்கு ஒரு லாபம், புளிக்கு ஒரு லாபம். நான் உன்கிட்ட மூட்டை மூட்டையாக் கட்டித்தானே கொடுத்தேன்? நீ ஏன் எல்லாத்தையும் அவுத்து ஒரே களத்துல கொட்டினே?”

மலர்க்கொடி வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

“என்ன சிரிப்பு?”

“நாலு வருஷம் படிச்சேன் அண்ணி, எனக்கு இது தோணலை.”

அவள் கட்டியிருந்த வெப்சைட், யாராவது கேட்கும்போது அடுப்பு மூட்டுகிற வகை இல்லை. லேப்டாப்பில் இருக்கும் எழுத்தையும் படத்தையும் வைத்து எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே தயார்செய்து, புளியோதரைப் பொட்டலம் மாதிரிக் கட்டி அனுப்பிவிடும். எழுத்தையும் படத்தையும் எங்கே வைப்பது என்பது கட்டுகிறவள் இஷ்டம். மலர்க்கொடி எழுத்தையெல்லாம் ஓரிடத்திலும் படத்தையெல்லாம் வேறோர் இடத்திலுமாகப் பிரித்து வைத்திருந்தாள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மாரியாயியின் பெயர் ஓர் அறையிலும் அவள் முகம் இன்னோர் அறையிலும் கிடந்தன. காத்தான் நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

ஒரு சரக்குக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள்ளேயே அதன் எழுத்தும் படமும் என்று வைத்தால், அந்த ஃபோல்டரே ஒரு பக்கமாகிவிடும். அதிலிருக்கும் லாபம் அடுத்த வீட்டு லாபத்தை எட்டிக்கூடப் பார்க்காது. மலர்க்கொடி பயன்படுத்திய கருவிக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். அவள்தான் கேட்கவில்லை.

“மணி ஒண்ணரை ஆயிடுச்சு” என்றாள் விஜயராணி. “முடியுமா?”

“முடியும். நீங்க பக்கத்துல உக்காருங்க.”

பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்களை அப்படியே அள்ளி, எழுத்து இருக்கும் இடத்துக்கு மாற்றினாள். கடைப் பெயர்ப் பலகைப் படம், எழுத்துரு, நிறங்கள் ஆகிய எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானவை மட்டும் தனியாக ஒரு பொது ஃபோல்டரில் தங்கின. ஒவ்வொரு பக்கமும் தன் ஃபோல்டருக்குள் இருக்கும் லாபத்தைத்தான் தலையில் போட வேண்டும், பெரிய படங்களைத் தானே சிறிதாக்கிக்கொள்ள வேண்டும் என்று பக்கங்களை உருவாக்கும் வார்ப்பில் நாலு வரி மாற்றினாள். விஜயராணி பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்த்தாள். குறிப்பில் சோளத்தின் ஊர்ப்பெயர் தப்பாக இருந்தது, அதையும் திருத்தினார்கள்.

மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு, ‘கட்டு’ என்று உத்தரவு கொடுத்தாள் மலர்க்கொடி. இரண்டு விநாடிதான்.

பன்னிரண்டு பக்கங்கள் தயார் என்றது திரை.

“பதினொண்ணுதானே?” என்று பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். சாமை, சோளம், தினை. மாரியாயி கல்யாணத்துப் புடவையில் நின்றாள். அடுத்து தேன். அதற்கடுத்து பனிவரகு வர வேண்டும்.

வரவில்லை. தேனுக்கும் பனிவரகுக்கும் நடுவே ‘நவநீதன்’ என்று ஒரு பக்கம் வந்திருந்தது.

காக்கிச் சட்டை. கழுத்தில் கைக்குட்டை. நாற்பத்தைந்து வயது இருக்கும். துறையூரிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸின் முன்கதவைப் பிடித்துக்கொண்டு, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே குறிப்பு இரண்டே வாக்கியம். ‘மூன்று மணி பஸ். நான் வரும்வரை வண்டியை எடுக்க மாட்டார்.’



விஜயராணியின் கை தானாக நீண்டு திரையை மறைத்தது. “அது... உனக்குத் தர்றதுக்கு வெச்சது இல்ல. நீ டிரைவைத் திருப்பிக் கொடுத்தப்புறம் சும்மா போட்டு வெச்சேன். எடுத்துடு மலரு.”

“சரி அண்ணி.”

மலர்க்கொடியின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போவதற்குள், “இரு” என்றாள் விஜயராணி. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “அழிக்காதே. வேற எங்கயும் அந்தப் படம் இல்ல.”

பத்து நாளுக்கு முன் பத்து முகங்களை ஒரே தட்டில் அழித்த கை, இப்போது மெல்ல விலகிக்கொண்டது.

“அழிக்கவே வேணாம் அண்ணி. மேல ஒரு வரி சேத்துட்டா போதும், வரைவுன்னு. ஃபோல்டர் அதோட இடத்துலயே இருக்கும். என் லேப்டாப்புல நான் சரிபாக்கறப்ப மட்டும் தெரியும். வெளிய போற வெப்சைட்டுல வராது. என்னைக்கு நீங்க சொல்றீங்களோ அன்னைக்கு அந்த வரியை எடுத்துக்கலாம்.”

“நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?”

“நீங்க சொல்றப்ப கேட்டுக்கறேன்.”

விஜயராணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவருக்கு மனைவி இல்ல. தவறி எட்டு வருஷம் ஆச்சு. எனக்குத் துணிச்சல் இல்ல மலரு. அப்பா முகத்தைப் பாத்தா நாக்கு எழும்ப மாட்டேங்குது.”

மலர்க்கொடி அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். மறுபடி கட்டினாள். வெளியே போகிற பிரதியில் பதினொரு பக்கங்கள். அனுப்பினாள்.

“கிளம்புங்க அண்ணி, கடைக்கு. அந்தம்மா கேட்டா விளைவிச்சவங்களைப் பத்திச் சொல்ல உங்களை விட்டா யாரு இருக்கா?”

நாலு மணிக்குச் சரியாகப் பிரேமலதா வீடியோவில் வந்தார். சென்னையிலிருந்தபடியே வெப்சைட்டைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தார். கறாரான மனுஷி. பாராட்டு வார்த்தைகளைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பவர் போலிருந்தது. மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே வீரமலை விறைப்பாக நின்றார்.

“தினைப் பக்கத்துல இருக்கிற அம்மா யாரு?”

“மாரியாயிங்க” என்றாள் விஜயராணி. “மூணு ஏக்கர்ல தினை போடறாங்க. உரம் எதுவும் போடறதில்ல. அந்தப் புடவை அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது.”

பிரேமலதா முதல்முறையாகச் சிரித்தார். அப்புறம் புருவத்தைச் சுருக்கினார். “காலையில நான் பாத்தப்ப எல்லாத்துலயும் ஒரே ஆள் இருந்தாரே?”

வீரமலை மேலே பார்த்தார். மலர்க்கொடி நேராகப் பார்த்தாள்.

“என் தப்புங்க. எல்லாப் படத்தையும் ஒரே இடத்துல போட்டு வெச்சிருந்தேன். இப்ப ஒவ்வொருத்தருக்கும் தனி ஃபோல்டர் போட்டாச்சு. இனிமே ஒருத்தர் முகம் இன்னொருத்தர் இடத்துக்கு வராது.”

“அடுத்த மாசம் புதுசா ஒரு விவசாயி சேந்தா?”

“ஒரு ஃபோல்டர் வைக்கணும். குறிப்பு ரெடியா இருந்தா பத்து நிமிஷம்.”

“கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இல்லாத அன்னைக்கு?”

“நானே வெச்சுடுவேங்க” என்றாள் விஜயராணி. “மூட்டை கட்டற மாதிரிதான்.”

பிரேமலதா எதையோ எழுதிக்கொண்டார். “யாருகிட்ட வாங்கறோம்னு எங்க பொண்ணுங்களுக்குக் காட்டணும்னுதான் நான் தேடிக்கிட்டிருந்தேன். மூணு விடுதிக்கும் இந்த மாசத்துலேருந்தே எடுத்துக்கறோம். இன்னொண்ணு, தப்பை மறைக்காம சொன்னீங்களே, அது எனக்குப் பிடிச்சுது.”

திரை அணைந்தது. வீரமலை ஜன்னலோரம் இருந்த இரண்டாவது மேஜைக்குப் போய், அதன்மேல் பல வருஷமாகக் கிடந்த மாதிரித் தானியத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். தோள் துண்டால் மேஜையைத் துடைத்தார்.

“உக்காரும்மா” என்றார்.

மலர்க்கொடி உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பக்கம் ஆடியது. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். லேப்டாப்பை அந்த மேஜையில் விரித்து வைத்துவிட்டு, மாரியாயிக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். உள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்காது.

“என் படம் வந்துடுச்சா? புடவை நல்லா தெரியுதா?” என்று மாரியாயி மலையிலிருந்து கத்தினாள்.

“பளிச்சுன்னு தெரியுதுங்கம்மா.”

பேசி முடித்துத் திரும்பியவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். வீரமலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் லேப்டாப் முன்னால் குனிந்திருந்தார். பெருமை தாங்கவில்லை போலும். படமும் குறிப்புமாக இருந்த பட்டியலில் விரலை வைத்து, படி அளக்கிற ராகத்திலேயே எண்ணிக்கொண்டிருந்தார். தராசுக்குப் பக்கத்தில் விஜயராணி அசையாமல் நின்றாள்.

“லாபம்... ரெண்டு... மூணு...”

சரிபார்க்கத் திறந்த பக்கத்தை மூடாமல் போனது அப்போதுதான் மலர்க்கொடிக்கு உறைத்தது. இந்த லேப்டாப்பில் வரைவும் தெரியும்.

“ஆறு, தினை. ஏழு, தேன்.”

விரல் நின்றது. வீரமலை இன்னொரு கையால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். காக்கிச் சட்டையைப் பார்த்தார். கீழே இருந்த இரண்டு வாக்கியத்தையும் உதடு அசையப் படித்தார். அந்த எழுத்து நடை யாருடையது என்று பெற்றவருக்குத் தெரியாதா?

“மலரு” என்றார் திரும்பாமலே. “இது என்ன சரக்கும்மா?”

மலர்க்கொடி வாயைத் திறந்தாள். தெரியாமல் வந்துவிட்டது மாமா, இதுவும் என் தப்புதான் என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு அவள் சொன்னால் அவர் நம்பிவிடுவார்.

அதற்குள் விஜயராணி தராசை விட்டு நகர்ந்து வந்துவிட்டாள். மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு, மலர்க்கொடியைத் தாண்டி, அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“சரக்கு இல்லப்பா. அவரு பேரு நவநீதன். மலரு அதைப் பத்திரமா மறைச்சுத்தான் வெச்சிருந்தா. நீங்க உக்காருங்க, நான் சொல்றேன்.”

வீரமலை உட்காரவில்லை. ஆனால் விரலைப் பட்டியலிலிருந்து எடுக்கவும் இல்லை. அது தேனுக்கும் பனிவரகுக்கும் நடுவிலேயே இருந்தது.